ஆறு நிமிட நடை

...வேகமாக நடக்கணுமாம், ஓடக் கூடாதாம், யாரிடம் சொல்கிறாள் இந்த பிசியோதெரபிஸ்ட் வேதா, பதினேழு வருஷமாகப் பெண்பிள்ளைகளை ஓடவிட்ட பி.டி. டீச்சரிடம், கிரிவலப் பாதை பதினாலு கிலோமீட்டரையும் ஓடி முடித்துவிட்டு ஏழு மணிக்கு அடுப்பு பற்றவைத்த மெஹ்ருன்னிசாவிடம்... ஆஸ்பத்திரி வராண்டாவின் இந்தக் கோடியில் ஒரு ஆரஞ்சு கோன், அந்தக் கோடியில் ஒன்று, நடுவில் முப்பது மீட்டர், ஆறு நிமிஷம் போய்ப் போய்த் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். கொரோனா வந்து போய்ப் பதினொரு மாதம். எக்ஸ்ரே நார்மல், எக்கோ நார்மல், ரத்தம் நார்மல், இவள் மட்டும்தான் நார்மல் இல்லை. இரண்டு வாளித் துணி துவைத்தால் மறுநாள் முழுக்கக் கட்டில், தலைக்குள் ஈரத்துணியைத் திணித்த மாதிரி, அதை எந்த மெஷின் பிடிக்கும்? டெய்லி கொஞ்சம் நட மெஹ்ரு, எல்லாம் சரியாப் போயிடும் என்கிறான் கணவன் சல்மான், அன்பாகத்தான், அந்த அன்பைத்தான் தாங்க முடியவில்லை. நடந்தாளே, போன மாதம் அவன் பேச்சைக் கேட்டுச் செங்கம் ரோட்டில் ரமணாசிரமம் வரைக்கும் நடந்தாளே, நாலு நாள் எழுந்திருக்கவில்லையே. ஹெச்.எம். ஒரே வரியில் முடித்துவிட்டார், "டாக்டர் பேப்பர் கொண்டாங்க, உக்காந்து பாக்கற வேலை தரேன், இல்லன்னா கிரவுண்டுக்குப் போங்க."

அந்தப் பேப்பருக்காகத்தான் இந்த நடை. அப்படியானால் மெதுவாக நடக்க வேண்டியதுதானே, மூச்சு வாங்கினால் நின்றுவிட வேண்டியதுதானே... கால் கேட்க மாட்டேன் என்கிறது, முன்னால் போகிற ஆயாவை முந்துகிறது, கோனை ஒட்டி வெட்டித் திரும்புகிறது. "மூணு நிமிஷம் ஆச்சு டீச்சர், சூப்பரா பண்றீங்க." அடிப்பாவி, சூப்பராகப் பண்ணவா வந்தேன்? தொடை கனக்கிறது, காதுக்குள் நாடி அடிக்கிறது, இதற்கெல்லாம் நாளைக்குச் சேர்த்து வாங்கப் போகிறது உடம்பு, ஆனால் நாளைக்கு இங்கே யார் அளக்கப் போகிறார்கள்...

"நில்லுங்க டீச்சர். ஐநூத்திப் பத்து மீட்டர், உங்க வயசுக்கு நார்மல்தான். எவ்ளோ கஷ்டமா இருந்துச்சு, பத்துக்கு?"

"ரெண்டு."

சொல்லிவிட்டாள். எட்டு என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும், ஒன்பதுகூடச் சொல்லியிருக்கலாம், ஏன் இப்படி... நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது சதஃப் ஞாபகம் வந்தாள், ஒன்பதாம் வகுப்பு, டெங்கு வந்து தேறி வந்தவள், ரெண்டாவது ரவுண்டிலேயே முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், முடியலையா என்று இவள் விசிலை வாயிலிருந்து எடுக்காமலே கேட்டாள், முடியுது டீச்சர் என்று அந்தப் பெண் மறுபடி ஓடினாள், மறுநாள் பிரேயரில் அவளுக்குக் கைதட்டச் சொன்னதும் இவள்தான். அதற்கப்புறம் ஒரு வாரம் அவள் ஸ்கூலுக்கு வரவில்லை, ஏன் என்று கேட்டோமா? அன்றைக்கு அந்தப் பெண் டீச்சர் முகத்தைப் பார்த்துப் பயந்து முடியுது என்றாள், சரி. வேதா பேப்பரில் இரண்டு என்று எழுதிக்கொண்டிருக்கிறாள், குனிந்த தலை நிமிரவே இல்லையே, அப்படியானால் நாம் யார் முகத்தைப் பார்த்து...