தம்ரூட் ஏற்றிப் போன ராக்கெட்டு

பெருநாளைக்கு ஐம்பது பேருக்கு நெய்ச்சோறு ஆக்குகிற தேக்சாவில் கட்டைகளை வேகவைக்கும் ஒரு மனிதரை ஜன்னத்துல் பிர்தௌஸ் அதுவரை பார்த்ததில்லை. பார்த்த அன்று அவள் போட்ட சத்தத்தில் காரைக்கால் கலங்கரை விளக்கம் ஒரு தரம் அணைந்து எரிந்தது என்பார்கள். பட்டப்பகலில் அது எங்கே எரிந்துகொண்டிருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

"என்னாங்க இது? உப்பு, மொளகா ஏதும் போடவா?"

"போட்டுடாத புள்ள. உப்பு பட்டா வச்சிரப் பசை ஒட்டாது" என்றார் நெய்னா முகம்மது, மெய்யாகவே பயந்துபோய்.

நெய்னா முகம்மது ஓடாவி. தோணி கட்டுகிறவர். நாற்பது வருஷத்தில் அவர் கட்டிய தோணிகளை வரிசையாக நிறுத்தினால் காரைக்காலிலிருந்து ரங்கூன் வரைக்கும் காலில் ஈரம் படாமல் நடந்து போய் வரலாம். முழங்கால் இரண்டும் இனி மடங்க மாட்டோம் என்று சொல்லிவிட்ட பிறகு வீட்டோடு இருந்தார். சும்மா இருக்கத் தெரியாத கை. முதல் மாதம் வீட்டிலிருந்த முக்காலிகளுக்கெல்லாம் நாலாவது கால் வைத்தார். இரண்டாவது மாதம் ருஷ்யாக்காரன் வானத்தில் பந்து விட்டுவிட்டான்.

சலூன் ரேடியோவில் அதைக் கேட்டதும் நெய்னா பாதி வெட்டிய தலையோடு எழுந்து வீட்டுக்கு வந்தார்.

"அவன் இரும்புல செஞ்சிருக்கானாம். இரும்ப நம்பலாமா? ஒரு ஓட்டை விழுந்தா முங்கிடும். மரத்துல செய்யணும் புள்ள, மரத்துல."

"வானத்துல எங்கேங்க முங்குறது?"

பாதி வெட்டிய தலையோடேயே நெய்னா மரம் தேடிக் கிளம்பிவிட்டார்.

வரிச்சிக்குடியில் ஒரு வேலியோரம் சாய்ந்திருந்த கல்யாண முருங்கையைக் கேட்டு வாங்கி வந்தார். அந்த மரத்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டால் துண்டு பறந்துவிடும், அவ்வளவு லேசு. அதை விரல் அகலத்துக்கு இருபத்து நாலு பலகைகளாக இழைத்து, ஒவ்வொன்றின் இரு முனையையும் ஒடுக்கினார். மீனுக்கு விலா எலும்பு மாதிரி தோணிக்கு உள்ளே வங்கு வைப்பார்கள். அதே மாதிரி உள்ளே ஏழு வளையங்களை நிறுத்தி, தேக்சாவில் வெந்து இளகிய பலகைகளை அவற்றின்மேல் வளைத்து, ஒன்றோடொன்று இழைய ஒட்டி, கயிறு சுற்றிக் காயவைத்தார். இடுக்குகளில் பஞ்சு திணித்து, குங்கிலியம் காய்ச்சிப் பூசி, மேலே சுறா எண்ணெய் தடவினார். அந்தத் தெருப் பூனைகளெல்லாம் கொல்லைச் சுவரில் வரிசையாக வந்து உட்கார்ந்தன.

உயரம் மூன்று முழம். பிற்பாடு ஆளுக்கு ஒரு முழம் கூட்டியதில் அது பதினாலு முழம் வரை வளர்ந்தது. ஆனால் செய்யும்போது மூன்று முழம்தான். அதைப் பறக்கவிட வேண்டும் என்றுகூட அவருக்குப் பெரிய எண்ணமில்லை. செய்துமுடித்துத் திண்ணையில் நிறுத்தி, பிற்பகல் அசருத் தொழுகைக்குப் போகும்போது ஒரு பார்வை, வரும்போது ஒரு பார்வை பார்த்தால் போதும்.

அப்போதுதான் பினாங்கிலிருந்து, ஜன்னத்தை அக்கா முறைக்கு 'லாத்தா' என்று கூப்பிடும் அவள் தம்பி காதர் பாட்சாவின் கடிதம் வந்தது. ஜன்னத் அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நெய்னா உரக்கப் படித்தார்.

"'லாத்தா எழுதியிருந்தபடி, மச்சானின் ராக்கெட்டு நாகூர் தர்காப் பெரிய மனோராவைத் தாண்டிப் போகிற காட்சியை நேரில் காண ஆசைப்பட்டு, தை மாதக் கப்பலுக்கு டிக்கெட்டு எடுத்துவிட்டேன். கூடவரும் சிநேகிதர்களிடமும் சொல்லியிருக்கிறேன்.'"

துருவும் சத்தம் நின்றது. நெய்னா அந்த வரியை இன்னொரு தரம் படித்தார். நூற்றுமுப்பது அடி மனோரா அவருடைய வழுக்கைமேல் மெதுவாகச் சாய்வது போலிருந்தது.

"புள்ள, இங்கே வா."

"தேங்கா கெட்டுப் போயிரும்."

"தேங்கா கெடாது. என்னா எழுதுனே அவனுக்கு?"

ஜன்னத் அரபு எழுத்தில் தமிழை முத்து முத்தாக எழுதுவாள். என்ன எழுதுவாள் என்று அவர் கேட்டதில்லை. இப்போது அவள் கதவு நிலையில் தோளைச் சாய்த்து நின்றுகொண்டு, துருவலைப் பார்த்தே பேசினாள்.

"அவன் ஒவ்வொரு காயிதத்துலயும் காரு வாங்கினேன், காத்தாடி வாங்கினேன், ஐஸ்பொட்டி வாங்கினேன்னு எழுதுறான். நான் என்னத்தங்க எழுதுறது? அவங்க முக்காலிக்குக் காலு வச்சாங்கன்னா? உங்களப் பத்தி எழுத வேற ஒண்ணும் ஆப்புடல. எழுதும்போது கை கொஞ்சம் நீண்டுபோச்சு."

"எங்கிட்ட மட்டும் கட்டைய வேகவைக்கிற பைத்தியம்னே."

"அது உங்கக்கிட்ட சொல்றது. ஊரான்கிட்ட சொல்லுவாங்களா?"

நெய்னா கடிதத்தை நாலாக மடித்தார். நாற்பது வருஷத்தில் அவர் தோணிகளைப் பற்றி அவள் ஒரு நல்ல வார்த்தை சொன்னதாக நினைவில்லை. அவர் காதுக்கு எட்டாத இடத்தில்தான் சொல்லியிருக்கிறாள் போல. இனி அது பறந்தே தீர வேண்டும். பறக்காவிட்டால் தம்பி சிரிப்பான், அவன் சிநேகிதர்கள் சிரிப்பார்கள், பினாங்கிலிருந்து வரும் ஒவ்வொரு கடிதத்திலும் அந்தச் சிரிப்பு மடித்து வரும். அதைத் தாங்கப்போவது அவர் இல்லை, அவள்.

அன்றிலிருந்து தேக்சாவைப் பற்றிய பேச்சே இல்லை. கடைசிப் பலகைகளை வச்சிரம் பிடிக்கும்வரை அழுத்திக்கொண்டு ஜன்னத்தே உட்கார்ந்தாள். கை மரத்துப்போனதும் "இன்னும் காயலியா உங்க சீமாட்டி?" என்பாள்.

வெடிமருந்துக்குச் சூசைராஜ் வந்தார். மாதா கோயில் திருவிழாவுக்கு வாணம் கட்டுகிறவர். ஒரு வாணம் தவறி அவருடைய இடது புருவத்தைக் கொண்டுபோய்ப் பத்து வருஷம் ஆகிறது. ராக்கெட்டைச் சுற்றிச் சுற்றி வந்து, தட்டிப் பார்த்து, முத்தம்கூடக் கொடுத்தார். பிறகு அடியில் கைவைத்தவர் முகம் மாறியது.

"பாய், அடியில என்னா இவ்வளவு கனம்?"

"ஈயம். ஒண்ணேகால் சேரு."

"யோவ், வாணத்துக்கு மண்டையிலதான் கனம் இருக்கணும். இல்லன்னா குட்டிக்கரணம் போட்டுரும்."

"சூசை, நாப்பது வருஷமா நான் விட்டதுல ஒண்ணாவது கவுந்துச்சா? அடியில பாரம் இருந்தாத்தான் நேரா நிக்கும்."

"அது தண்ணியில பாய்!"

"தண்ணியில நிக்கிறது காத்துல நிக்காதா?"

சூசைராஜ் ஜன்னத்தைப் பார்த்தார். ஜன்னத், "அவங்களுக்குத் தெரியாதா அண்ணே?" என்று சொல்லிவிட்டாள். அதற்கு மேல் அந்த வீட்டில் யார் பேசுவது?

காதர் பாட்சா ஏழு பெட்டிகளோடும் மூன்று சிநேகிதர்களோடும் வந்து இறங்கினான். ராக்கெட்டைப் பார்த்ததும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான், மறுபடி மாட்டினான்.

"லாத்தா, இதுவா? மீன் வாசன அடிக்குதே."

"சுறா எண்ணெய்டா. கடல்காத்து தாங்கும்."

"ருஷ்யாக்காரன் ரெண்டாவது தடவ நாயை ஏத்தினான். மச்சான் என்னா ஏத்துறாங்க? கோழியா?"

"உசுரு ஒண்ணும் ஏத்த வேணாம். பாவம்" என்றாள் ஜன்னத். உள்ளே போய், காலையில் சுட்ட தம்ரூட்டில் ஒரு பெரிய துண்டைக் காகிதத்தில் பொட்டலம் கட்டி எடுத்துவந்தாள். நெய்யும் ரவையும் முட்டையும் சேர்ந்து முறுகின அந்த வாசனைக்குச் சுவரிலிருந்த பூனைகள்கூடச் சுறா எண்ணெயை மறந்தன. நெய்னா அதை மூக்குப் பக்கத்து அறையில் வைத்து, மூடியை இறுக்கி, விளிம்பில் குங்கிலியம் பூசினார்.

மறுநாள் அசருக்குப் பிறகு, அரசலாறு கடலில் சேரும் இடத்தில் கூட்டம். சுரக்குடி, விழிதியூரிலிருந்தெல்லாம் மாட்டுவண்டி கட்டி வந்தார்கள். லட்சம் பேர் இருக்கும். காரைக்கால் ஜனத்தொகையே அவ்வளவு இல்லையென்றால் மீதிப்பேர் எங்கிருந்து வந்தார்கள் என்பதை அவர்களைத்தான் கேட்க வேண்டும். சவுக்கு நிழலில் வெள்ளைத் துப்பட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றாள் ஜன்னத். நெய்னா கடலைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்க்கவில்லை, அந்தத் துப்பட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சூசைராஜ் சிலுவைக்குறி போட்டார். நெய்னா பிஸ்மி சொன்னார். திரி எரிந்தது.

புஸ்ஸென்று ஒரு சீறல். கிளம்பிவிட்டது! ஒரு தென்னை உயரம் போனது. தலைக்கு மேலே சென்ற அந்த மஞ்சள் உடம்பை நெய்னா தொப்பியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். அங்கே, யாரோ பின்னாலிருந்து கூப்பிட்ட மாதிரி அது நின்றது. ஒரு குட்டிக்கரணம். இன்னொன்று. மூன்றாவது கரணத்தில் கூட்டத்துக்கு வணக்கம் சொல்லிவிட்டுக் கிழக்கே திரும்பி, கடலுக்குள் தொப்பென்று விழுந்தது.

பிறகு காதர் பாட்சாவின் சிரிப்பு.

"லாத்தா! மனோரா கடலுக்குள்ளயா இருக்கு?"

சிநேகிதர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஜன்னத்தின் முகம் துப்பட்டியைவிட வெளுத்தது. நெய்னா தலையைக் குனிந்துகொண்டார். அப்போது சூசைராஜ் கத்தினார்.

"பாய், அங்க பாருங்க!"

முங்கிய ராக்கெட்டு மேலே வந்தது. வந்து, சாயாமல் சரியாமல், மூக்கை வானத்துக்கு நீட்டி நேராக நின்றது. அலை வந்தது, ஏறியது, இறங்கியது, நின்றது. ஒண்ணேகால் சேர் ஈயம் கடைசியில் தனக்குத் தெரிந்த இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது.

ஜன்னத் துப்பட்டியைப் பல்லிலிருந்து எடுத்தாள்.

"சிரிச்சு முடிச்சிட்டியாடா? ருஷ்யாக்காரன் விட்ட நாய் திரும்பி வந்துச்சா? இவங்க விட்டத பாரு, ஆகாசத்துலேருந்து விழுந்தும் தலை நிமுந்து நிக்குது. போய்ச் சொல்லு பினாங்குல!"

கிளிஞ்சல்மேட்டு மீன்காரர்கள் இரண்டு பேர் கட்டுமரத்தில் போய் அதை அள்ளி வந்தார்கள். மூடியைத் திறக்குமுன் நெய்னா ராக்கெட்டைக் காதோரம் சாய்த்து ஒரு தரம் ஆட்டிப் பார்த்தார். பறக்கவைக்கத் தெரியாதது ஒரு குறையில்லை, அவர் வானத்துக்காரர் இல்லை. உள்ளே தண்ணீர் போயிருந்தால்?

பொட்டலத்தின் காகிதம் மொறமொறவென்று இருந்தது. தம்ரூட்டின் மேல் முறுகல்கூடக் குலையவில்லை.

காதர் பாட்சா ஒரு விள்ளல் வாயில் போட்டான். மென்றான். நெடுநேரம் மென்றான். பிறகு பலகைகளின் இடுக்கை நகத்தால் தடவிப் பார்த்தான். நகம் எங்கும் இறங்கவில்லை.

"ஒரு சொட்டு எறங்கலியே, மச்சான்."

"எறங்காது" என்றார் நெய்னா.

"கப்பல்ல முந்நூறு பேருக்கிட்ட மனோரான்னு சொல்லிட்டேன் லாத்தா. இப்ப நான் என்னத்தச் சொல்றது?"

"அது உம்பாடு. ஒனக்கும் எனக்கும் ஒரே ரத்தந்தானே, கை நீளாமயா போயிரும்?"

நீண்டது. அவன் திரும்பக் கப்பலேறுவதற்குள் ராக்கெட்டு மனோராவை இரண்டு தரம் தாண்டி, ஒரு மேகத்தில் இடித்துக்கொண்டு, சொன்ன இடத்தில் வந்து இறங்கியிருந்தது.

ராக்கெட்டு விட்ட அன்று ராத்திரியே நெய்னா அதைத் துடைத்துத் திண்ணையில் நிறுத்தினார். ஜன்னத் தேக்சாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"மெய்யா சொல்லுங்க, எவ்வளவு ஒசரம் போச்சு?"

"ஒரு தென்ன."

"ரெண்டு" என்றாள் அவள். "நான் பார்த்தேன்ல."

கழுவிய தேக்சாவைப் பரணில் ஏற்றாமல் அவர் கைக்கெட்டும் இடத்தில் கவிழ்த்து வைத்தாள்.

"அடுத்ததுக்கு ஈயத்த மண்டையில வைங்க. சூசை அண்ணன் அன்னைக்கே சொன்னாங்க, நீங்கதான் கேக்கல."