ராகு காலத்தில் ஓடிய தாளம்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. மேடையில் ஒரு கம்ப்யூட்டர் தலைதெறிக்க ஓடின கதை சொல்லப் போகிறேன்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம். மயிலாப்பூர் ஜெயலக்ஷ்மியிடம் நாட்டியம் பயின்ற ஷீலாவுக்கு அடையாற்றில் அரங்கேற்றம். அன்றைக்கென்று பார்த்து மிருதங்கக்காரருக்குக் கை சுளுக்கிக்கொண்டது. ஜெயலக்ஷ்மியின் மகள் மதுவந்தி, ஜதி வாசிக்கிற மாதிரி தன் லேப்டாப்பில் புரோகிராம் எழுதிவைத்திருந்தாள். அதுவே பக்கவாத்தியம் என்று முடிவாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகு காலம். "அதுக்குள்ள எல்லாத்தையும் ஆரம்பிச்சுடணும்" என்றாள் ஜெயலக்ஷ்மி. மதுவந்தி ஆட்டோவிலேயே, பேட்டரியில், மெஷினை முடுக்கிவிட்டாள்.

நாலேகாலுக்குக் குத்துவிளக்கு ஏற்றினார்கள். பிரார்த்தனைப் பாட்டு நடக்கையில் மதுவந்தி திரைக்குப் பின்னால் பிளக்கைச் செருகி, ஜதியை மெல்லத் தட்டிப் பார்த்தாள். அது இரட்டை வேகத்தில் பறந்தது!

"இன்னா மது, போலீஸ் தொரத்துதா? என் தங்கச்சி காலு இன்னாத்துக்கு ஆவும்?" என்றான் அறிவு. ஷீலாவின் அண்ணன், மதுவந்தியோடு வேலை பார்ப்பவன்.

"ஆத்துல நன்னாத்தானே இருந்தது! அணைச்சுட்டுப் போடறேன்."

"மணி நாலரை ஆயாச்சு. ராகு காலத்துல புதுசா ஆரம்பிக்கறதா? மூச்!" என்றாள் ஜெயலக்ஷ்மி.

"போட்டாலும் நிக்காது மாமி. இங்க கரண்டு போய்ப் போய் வந்துகினு கீது. பேட்டரில எழுந்தா மறுபடி இதே கததான்" என்றான் அறிவு.

அந்த லேப்டாப்பின் பிராசஸர் பேட்டரியில் மெதுவாக ஓடும், கரண்டில் வேகமாக ஓடும். அதைக் கவனிக்க 'டிரைவர்' என்கிற குட்டிப் புரோகிராமை எழுதியவர்கள் மதுவந்தியும் அறிவும்தான். வீட்டில் எப்போதும் பிளக்கில் வைத்தே சோதித்திருந்தார்கள். பேட்டரியில் எழுந்தால் அந்த டிரைவர், 'இந்தச் சிப்புக்கு ஒரே வேகம்தான்' என்று தீர்மானித்து, ஆரம்ப வேலையைப் பாதியில் விட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுகிறது. பிளக்கைச் செருகியதும் சிப் வேகமெடுக்க, தாளமும் கூடவே ஓடியது.

"சோம்பேறி, உன்ன மாதிரியே" என்றாள் மதுவந்தி.

"அந்த வரிய எழுதுனது யாரு தாயே?"

எழுதினவள் அவள்தான். ஜெயலக்ஷ்மி மேடையேறி ஒரு விருத்தத்தை எடுத்து இழுத்தாள், இழுத்தாள், சபையே சொக்கிப்போகும்வரை இழுத்தாள். உள்ளே மதுவந்தி அந்த வரியை நீக்கி, எழுந்ததும் இரண்டு வேகத்தையும் கேட்டுக்கொள், மாறும்போதெல்லாம் மறுபடி கேள் என்று எழுதினாள். தட்டிப் பார்த்தாள். தாளம் நின்று நிதானமாக விழுந்தது.

"மெஷினை அணைக்கலையேடி?" என்று வியர்வையோடு வந்தாள் அம்மா.

"இல்லம்மா. டிரைவரை மட்டும் கழட்டி மாட்டினேன்."

"அது ஆரம்பத்துல சேத்தியா?"

"போட்ட சட்டையில பட்டனக் கயட்டி மாட்னாப்பல மாமி, புதுச் சட்ட இல்ல!" என்றான் அறிவு. ஜெயலக்ஷ்மி சிரித்துவிட்டாள்.

தில்லானா நடுவில் விளக்கும் விசிறியும் நின்றன. ஜதி ஒரு தட்டுக்கூடப் பிசகவில்லை. குத்துவிளக்கு வெளிச்சத்தில் ஷீலா சுழன்று சுழன்று ஆடினாள், சபை முழுக்கக் கைத்தாளம் போட்டது.

உங்கள் வீட்டிலும் சலங்கைச் சத்தமும் சிரிப்பும் நிறையட்டும், கண்ணுகளா. எல்லோரும் நன்றாயிருங்கள்.