சண்முகவடிவின் மூக்கு

தாராவியில் பிளாஸ்டிக் தரம் பிரிக்கும் சண்முகவடிவு, ஒன்பது ஞாயிற்றுக்கிழமைகள் அசையாமல் உட்கார்ந்து கொடுத்து உருவான மண்தலை அது. டெல்லியில் ‘தேசத்தின் முகங்கள்’ என்று ஒரு மண்டபம் கட்டுகிறார்களாம், மாநிலத்துக்கு ஒரு முகம். தமிழ்நாட்டுக்கு இவள் முகம்தான் என்று செம்பூர்க்காரி, சிற்பி ரஞ்சனா, குயவர்கள் இருக்கும் கும்பார்வாடாவில் ஒரு கொட்டகை பிடித்துக் களிமண்ணில் செய்துகொண்டிருந்தாள். அடியில் வடிவின் பெயரையும் கீறியிருந்தாள். மூக்கு முடிந்த அன்றைக்கு வடிவு அழுதேவிட்டாள். அகன்று, நுனி அமுங்கி, அச்சு அசலாக அவள் அம்மாவின் மூக்கு. அம்மா ஒரு போட்டோகூட இல்லாமல் செத்துப்போனவள்.

கடைசி ஞாயிறு மாட்டுங்காவிலிருந்து பஞ்சாபகேசன் வந்தார். மண்டபக் கமிட்டியில் தமிழ் அடையாளத்துக்கு அவர்தான் பொறுப்பு. அடையாளத்துக்குக்கூட ஆள் போட்டிருக்கிறார்கள்! மூலையில் இருந்த வடிவிடம், “ஏம்மா, குடிக்கத் தண்ணி கொண்டா” என்றார். பிறகு மண்தலையைச் சுற்றிவந்து உதட்டைப் பிதுக்கினார்.

“என்ன ரஞ்சனா, தமிழ் முகமாவே இல்லையே. தேசமே பார்க்கப்போறது. மூக்கை எடுப்பாப் பண்ணு. மூக்குத்தி, ஜிமிக்கி, தலை நிறைய மல்லிப்பூ. அப்பத்தான் நம்ம கல்ச்சர்னு தெரியும்.”

வடிவுக்குச் சுருக்கென்றது. “அது எம் மூஞ்சி சார். நான் தமிழச்சி இல்லாம வேற யாரு?”

“அச்சச்சோ, உன்னைச் சொல்லலம்மா. ஜெனரலாச் சொன்னேன். பேரு உன்னோடதுதான் இருக்கும். பேரு ரொம்ப லட்சணமா இருக்கு.”

பேர் லட்சணமாம், முகம்தான் இல்லையாம்! இத்தனை நாள் அக்கா அக்கா என்று குழைந்த ரஞ்சனாவோ, குனிந்த தலை நிமிராமல் மண் சீவும் கத்தியை எடுத்தாள்.

“ஸாரிக்கா. இவங்க பாஸ் பண்ணலன்னா மண்டபத்துல வைக்க மாட்டாங்க.”

“கைய எடுட்டி!”

வடிவு அவளைத் தள்ளிவிட்டு மண்மூக்கை அப்படியே பிடுங்கினாள். மற்றக் கையால் பெயரைத் தேய்த்து அழித்தாள்.

“ஐயையோ! அடுத்த வாரம் டெல்லிக்கு அனுப்பணுமே!” என்று பதறினார் பஞ்சாபகேசன்.

“மூஞ்சி வேண்டாம்னா பேரும் கெடையாது. தமிழச்சி எப்படி இருப்பான்னு ஒமக்குத்தான் தெரியுமே, நீரே செஞ்சிக்கிடும்!”

மூடிய கையோடு சந்து சந்தாக நடந்தாள். எதிரே வந்தவர்கள் விசாரித்தும் நிற்கவில்லை. வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டுத்தான் கையை விரித்தாள். வந்த ஆத்திரத்தில் வழியெல்லாம் இறுக்கிப் பிடித்ததில், அம்மாவின் மூக்கு வெறும் மண்ணாக நசுங்கிக் கிடந்தது. அதற்கும் சேர்த்து அந்த மனுஷனை வாய்விட்டுத் திட்டினாள்.