அறுபதாவது தவணை

சச்சிதானந்தன் நீட்டிய கடித உறையின் மூலையில் சந்தனம் ஒட்டியிருந்தது. காலையில் முருகன் கோயிலுக்குப் போய் காருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்திருந்தான். கார் கூடைப்பந்து அரங்கத்துக்கு வெளியே, நான் இருந்த மேசையிலிருந்து கண்ணாடிக் கதவுக்கூடாகத் தெரியும் இடத்தில் நின்றது. கழுவித் துடைத்து, முன்பக்கம் ஒரு மாலையும் போட்டிருந்தான். பழைய கம்ரி. இரண்டு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய வண்டிக்கு அந்த மாலை கொஞ்சம் அதிகம்தான்.

"அண்ணை, இது அறுபதாவது. எண்ணிப் பாருங்கோ."

எண்ணத் தேவையில்லை. ஐந்து வருடமாக ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை நானூற்றறுபது டொலர், ஒரு சதம் குறைந்ததில்லை. கார்க் கடன் என் பெயரில். வங்கி என் கணக்கில் வெட்டும், அவன் எனக்குக் காசாகத் தருவான். படகில் வந்து, வில்லாவுட் தடுப்பு முகாமில் பதினொரு மாதம் இருந்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற விசாவில் அப்போதே எட்டு வருடம் ஓட்டியிருந்தவனுக்கு எந்தக் கம்பனி கார் வாங்கக் கடன் கொடுக்கும்? அதனால் சிட்டிசனான நான் கையெழுத்து வைத்தேன். அப்போது ஊரெல்லாம் என்னை நல்ல மனிதன் என்றார்கள். நானும் நம்பிவிட்டேன்.

சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து. என் மகள் சிவாஜினியும் அவன் மகள் ராகவியும் ஒரே அணி. நான் புள்ளி எழுதுகிறவன், அதாவது ஓடத் தெரியாதவர்களுக்குக் கொடுக்கும் வேலை. ராகவி வேறு மாதிரி. பதினாலு வயதில் பந்து அவள் கையில் ஏறினால் மற்றப் பிள்ளைகள் தாமாக வழி விடுவார்கள். போன மாதம் அவளை மாநில அணித் தெரிவுப் பயிற்சிக்கு எடுத்திருந்தார்கள். ஞாயிறு காலை ஆறு மணிக்கு, சிட்னியின் மற்றக் கரையில். சச்சி அதிகாலையில் பார்சல் போடும் வேலையை அவளுக்காக ஞாயிறுகளில் விட்டிருந்தான். வேலைக்கும் அந்தக் கார்தான், மகளுக்கும் அந்தக் கார்தான். புதன் பயிற்சிக்கு என் மகளும் அதில்தான் போய் வருவாள். பெற்றோலுக்கென்று அவன் ஒருநாளும் என்னிடம் கேட்டதில்லை, நானும் கொடுத்ததில்லை.

"இனி லோன்காரர் பேப்பர் அனுப்புவினம் என்ன? ஊரில லீசிங் முடிஞ்சா உடன கார்ப் புத்தகம் கைக்கு வரும். இஞ்ச எத்தினை நாள் எடுக்கும்?"

லோன்காரர் ஏற்கெனவே அனுப்பியிருந்தார்கள். மூன்று வாரமாக அந்தக் கடிதம் புள்ளிப் புத்தகத்தோடு என் பையில் கிடந்தது. மூன்று சனிக்கிழமை அதைக் கொண்டுவந்து, மூன்று சனிக்கிழமை திருப்பிக் கொண்டுபோனேன்.

அந்தக் கார் வாங்கிய நாள் எனக்கு நல்ல ஞாபகம். விற்பனையாளன் ஆறரை அடி உயரம். சுவர் முழுக்க பாதர்ஸ்ட் மலையில் நடக்கும் கார்ப் பந்தயப் படங்கள். இந்த மாநிலத்தில் பிறந்தவனுக்கு அந்த மலையும் கூடைப்பந்தும்தான் சமயம் என்றான். இளமையில் மாநில அணிக்கு ஆடினானாம். எந்த வருடம் எந்தக் கார் வென்றது, எந்த வளைவில் எது மோதியது என்று அரைமணி நேரம் சொன்னான். நான் வாழ்நாளில் ஒரு பந்தயமும் பார்த்ததில்லை. ஆனாலும் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன், இரண்டு இடத்தில் சிரிக்கவும் செய்தேன். பக்கத்துக் கதிரையில் சச்சி இருந்தான். அண்ணைக்கு இவங்களோடு இப்படிச் சரிசமமாகக் கதைக்கத் தெரிகிறதே என்ற பெருமை அவன் முகத்தில். அந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது. பேப்பரைத் திருப்பும்போது விற்பனையாளன் ஒரு இடத்தில் பேனாவால் தட்டி, பலூன் ஓகேதானே என்றான். எனக்கு விளங்கவில்லை. அரைமணி நேரம் எல்லாம் தெரிந்தவனாக இருந்துவிட்டு இதை எப்படிக் கேட்பது? ஓம், ஓம், பிரச்சினையில்லை என்றேன். என்னவாம் அண்ணை என்று சச்சி மெதுவாகக் கேட்டான். வழமையான விசயம்தான் என்றேன்.

மாதத் தவணை குறைவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கடனில் ஒரு பெரிய பங்கைக் கடைசிக்குத் தள்ளிவைப்பார்கள். அதைத்தான் பலூன் என்கிறார்கள். தவணையெல்லாம் முடிந்த பிறகு அதை ஒரே தொகையாகக் கட்ட வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஐந்து வருடமும் ஒரு கடிதமும் தேவைப்பட்டன.

"சச்சி, இரும். இன்னும் ஒரு தொகை இருக்கு."

"ஓம், மூடுறதுக்கு ஏதும் எடுப்பினம். எவ்வளவு, நூறோ?"

"பன்னிரண்டாயிரத்து நானூறு."

சிரித்தான். நானும் சிரிப்பேன் என்று பார்த்தான். பிறகு கடிதத்தை வாங்கி, ஒவ்வொரு வரியாக விரலை வைத்து வாசித்தான். ஆடுகளத்தில் ராகவி பந்தோடு ஓடிக்கொண்டிருந்தாள். கூடையில் விழுந்தது. நான் புள்ளி எழுத மறந்தேன்.

"இது எப்ப சேத்தவங்கள்?"

"முதல்லயே இருந்தது. நான் கையெழுத்து வைச்ச பேப்பரில."

"நான் கேட்டனான் அண்ணை. என்னவாம் எண்டு கேட்டனான்."

"ஓம்."

"வழமையான விசயம் எண்டனீங்கள்."

"எனக்கும் விளங்கேல்லை. கேக்க வெக்கமா இருந்தது."

அவன் கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும். கடிதத்தை மடித்து மடித்து நெருப்புப்பெட்டி அளவுக்குக் கொண்டுவந்தான். இருந்ததெல்லாம் விசா லோயருக்குப் போய்விட்டது என்பது எனக்குத் தெரியும்.

"திருப்பி லோனா மாத்தினா? நான் இன்னும் மூண்டு வருசம் கட்டுவன் அண்ணை. பிந்த மாட்டன்."

"என்ர பேரிலதான் மாத்த வேணும்."

அவன் காத்திருந்தான். நான் சுவரில் இருந்த புள்ளிப் பலகையைப் பார்த்தேன். நார்த்மீட்டில் ஒரு வீடு பார்த்திருக்கிறோம். என் பெயரில் கார்க் கடன் ஒன்று நின்றால் வீட்டுக் கடன் கேட்ட அளவுக்குக் கிடைக்காது, இந்த மாதத்துக்குள் அதை மூடுங்கள் என்று புரோக்கர் சொல்லிவிட்டார். முதல்நாள் குசினியில் என் மனைவி மிருணாளினி, "பாவம்தான், அதுக்காக நாங்கள் சாகும்வரைக்கும் வாடகைக்கு இருக்கேலாது," என்றாள். சரிதான் என்றேன். மூன்று வாரமாக நான் கடிதத்தைக் காட்டாததற்கும் அதுதான் காரணம். காட்டினால் அவன் இதைக் கேட்பான், நான் பதில் சொல்ல வேண்டிவரும்.

வீட்டு விசயத்தைச் சொன்னேன்.

"நல்லது அண்ணை. வீடு வாங்கத்தானே வேணும்." அதில் குத்தல் எதுவும் இல்லை. உண்மையாகவே சொன்னான். "அப்ப காரை வித்தா?"

"விசாரிச்சனான். பதின்மூவாயிரம் வரும்."

அவன் உதடு அசைந்தது. கழித்துப் பார்க்கிறான் என்று விளங்கியது. அறுபது மாதம், இருபத்தேழாயிரத்து அறுநூறு டொலர் கட்டியவனுக்கு மிஞ்சுவது அறுநூறு. அதற்குமேல் பார்சல் வேலையும் இல்லை, ஞாயிறு காலையும் இல்லை. ஏதாவது செய்வோம் சச்சி என்று சொல்ல வாயெடுத்தேன். அது பொய் என்று இருவருக்கும் தெரிந்திருந்ததால் சொல்லவில்லை.

விளையாட்டு முடிந்தது. வென்றுவிட்டார்கள். பிள்ளைகள் கத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். சச்சி எழுந்து நின்று, காற்சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மேசையில் என் பக்கமாக வைத்தான்.

"பிள்ளையளை நீங்கள் இறக்கிவிடுங்கோ. நான் ரெயின்ல போறன். இப்ப ராகவியின்ர முகத்தைப் பாக்கேலாது."

"உடன தரத் தேவையில்லை சச்சி. மாதக் கடைசி வரைக்கும்..."

"உங்கட கார்தானே அண்ணை."

பக்கக் கதவால் போனான். அவன் தந்த நானூற்றறுபது டொலர் இன்னும் என் கையில் இருந்தது.

நான் வெளியே போனபோது பூட்டாமல் நின்ற காரில் பிள்ளைகள் ஏறியிருந்தார்கள். முன்னுக்கு ராகவி, பின்னுக்கு சிவாஜினியும் இன்னும் இரண்டு பேரும். எல்லோரும் பெல்ட் போட்டு, வென்ற மகிழ்ச்சியில் ஏதோ பாடிக்கொண்டிருந்தார்கள். கதவைத் திறந்தேன். பாட்டு நின்றது.

"அங்கிள், வெயார்ஸ் அப்பா?"

"வாறார்," என்றேன். ஏன் அப்படிச் சொன்னேனோ தெரியாது.

சச்சி என்னைவிடக் கட்டை. சீட் முன்னுக்கு இழுத்திருந்தது. உள்ளே ஏறியதும் என் இரண்டு முழங்காலும் ஸ்டியரிங்கில் முட்டின. சீட்டைப் பின்னுக்குத் தள்ளும் கம்பியைக் குனிந்து தேடினேன், அகப்பட்டது, ஆனால் இழுக்கவில்லை. கால்களை மடக்கியபடியே கண்ணாடியைப் பார்த்தேன். அதுவும் அவன் உயரத்துக்குத்தான் வைத்திருந்தது. பின்னால் வீதி தெரியவில்லை. மூன்று சோடி முழங்கால்கள் தெரிந்தன. பக்கத்தில் ராகவி, பந்தை மடியில் வைத்துக்கொண்டு, அரங்கத்தின் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.