மன்னிச்சாச்சு

அப்பாவின் விரல்கள் மடங்கவில்லை. மேரி ஷாலினி ஜெபமாலையைச் சுற்றச் சுற்ற அது வழுக்கிக்கொண்டு மார்பில் விழுந்தது. கடைசியில் அம்மா ஞானமேரி தன் கொண்டையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவி நீட்டினாள். அதை மணிகளுக்கு நடுவே செருகியதும் சகாயநாதன் அடங்கிவிட்டார். உயிரோடு இருந்தவரை அந்த மனிதர் யாருக்கும் அத்தனை சுலபத்தில் அடங்கியதில்லை.

முன்னறையில், தெருவுக்குத் தெரு கூடி ஜெபிக்கும் அன்பியத்துப் பெண்கள் நாலு பேர் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாலே பேர். முதுநகர் ரயில்வே ஜங்ஷனில் காலமெல்லாம் வேலை பார்த்து, ஊரில் எந்தச் சாவுக்கும் முதல் ஆளாகப் போய்ப் பெட்டி தூக்கியவருக்கு இவ்வளவுதான் கூட்டம். காரணம் எல்லோருக்கும் தெரியும். கல்லறைத் தோட்டத்தை ஒட்டிய கோயில் நிலத்தை, பங்கு மக்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், கல்யாண மண்டபத்துக்குக் கார் நிறுத்தக் கோயில் நிர்வாகத்தார் விட்டுவிட்டார்கள். ஞாயிறு பூசையில் அப்பா எழுந்து கேட்டார்.

"கல்யாண ஓலையவே மூணு ஞாயிறு வாசிக்கிறீங்க. கோயில் கணக்க ஒரு ஞாயிறு வாசிச்சா என்னா?"

முதலில் கூடவே நின்றவர்கள் நிறையப் பேர். பிள்ளைக்கு ஸ்கூல் சீட்டு, பெண்ணுக்கு ஞானஸ்நான சர்டிபிகேட் என்று ஆளுக்கொரு தேவை வந்ததும் நைசாக நழுவிவிட்டார்கள். அப்பா ஆயரையும் போய்ப் பார்த்தார். பார்க்கலாம் என்றார்கள். இரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

உபதேசியார் ஜேக்கப் வந்தார். அப்பாவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர். மாலையை வைத்துவிட்டு, ஷாலினியைத் தோட்டத்துப் பக்கம் கூப்பிட்டார்.

"பூசையெல்லாம் ஒரு கொறையும் இல்லாம நடக்கும் பாப்பா. ஃபாதரே வராரு. கல்லறையில நீதான மன்னிப்பு கேக்கப் போற?"

"ஆமா மாமா."

அந்தப் பங்கின் வழக்கம் அது. பெட்டியைக் குழிக்குள் இறக்கும் முன், இறந்தவருக்காக வீட்டார் ஒருவர் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்பார். கூட்டம் "மன்னிச்சாச்சு" என்று சொல்லும். அது காதில் விழாமல் கயிற்றைத் தளர்த்த மாட்டார்கள்.

"அதோட ஒண்ணு சேத்துக்க. கோயில் விஷயத்துல அப்பா பண்ணது தப்புதான், கடைசில மனசு மாறிட்டாருன்னு. ஃபாதர் எதிர்பாக்கறாரு."

"அப்பா மாறவே இல்லியே மாமா."

ஜேக்கப் முருங்கை மரத்தைப் பார்த்தார். "சிதம்பரத்துல நீ வேல பாக்கறதும் நம்ம சாமியாருங்க ஸ்கூலுதான. ஜூன்ல பர்மனெண்ட் ஆவணும். நான் மெரட்டல பாப்பா. எனக்கும் மேலேருந்து சொல்றாங்க."

அம்மா சமையல்கட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அவர் போனதும், "சொல்லிட்டுப் போயேன்டி. அவருக்கு இனிமே என்னா? நாம இருந்தாவணுமில்ல" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள்.

ஷாலினிக்கு அம்மா மேல் கோபம் வரவில்லை. அவளும் ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தாள். முந்தாநாள் சிதம்பரத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்பா மாஸ்க்கை விலக்கிக்கொண்டு கேட்டார்.

"இந்த ஞாயிறு வாசிச்சாங்களா?"

"வாசிச்சாங்கப்பா."

"ஜனங்க?"

"எல்லாரும் நின்னு கேட்டாங்க. ஒங்களத்தான் தேடினாங்க."

அந்த முகம் அப்படி மலர்ந்து அவள் பார்த்ததே இல்லை. அதற்குப் பிறகு அவர் எதையும் கேட்கவில்லை.

பூசைக்குக் கூட்டம் வந்துவிட்டது. கல்லறைக்கும் வந்தது. மகள் என்ன சொல்லப் போகிறாள் என்று கேட்கவும் வந்திருக்கும். தோட்டத்தில் புதுக்குழிக்கு இடமில்லை. சுவரோரம் அவருடைய அண்ணனைப் புதைத்த குழியையே திறந்திருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் கார்கள் நின்றன.

ஃபாதர் மந்திரித்து முடித்துத் தலையசைத்தார். அம்மா ஷாலினியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கப்பா யார் மனசயாவது நோகடிச்சிருந்தா, அவருக்காக நான் மன்னிப்பு கேட்டுக்கறேன்."

அடுத்த வார்த்தைக்காக ஜேக்கப் அவள் வாயையே பார்த்தார். வேலை போனால் வீட்டு வாடகைக்கு என்ன செய்வது என்றுகூட ஷாலினிக்கு ஒரு கணம் ஓடியது. ஆனால் அந்த மலர்ந்த முகம் கண்ணை விட்டுப் போகவில்லை. கூட்டத்துக்கு முதுகைக் காட்டிப் பெட்டியின் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, கணக்கு வாசிச்சாங்கன்னு ஒங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். யாரும் வாசிக்கல. ஒங்களுக்கப்புறம் யாரும் எழுந்து நிக்கவும் இல்ல. என்ன மன்னிச்சிடுங்கப்பா."

"மன்னிச்சாச்சு" சொல்ல வாயெடுத்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் பெட்டிக்குள் இருந்தார். ஃபாதர் புத்தகத்தில் எதையோ தேடினார். சுவருக்கு அப்பால் ஒரு கார் பீப் பீப் என்று கத்திக்கொண்டே பின்னால் வந்து நின்றது. கயிறு பிடித்தவர்களுக்குக் கை கடுத்தது. இறக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

ஞானமேரி மகளின் முழங்கையை விட்டாள்.

"மன்னிச்சாச்சு" என்றாள், அவருக்காக. "எறக்குங்க."

ஜேக்கப் ஜெபப் புத்தகத்தைப் பக்கத்துக் கல்லறை மேல் வைத்துவிட்டு வந்து கயிற்றில் கை கொடுத்தார். பெட்டி கீழே போனது. கடற்காற்றில் ஹேர்பின் இல்லாத அம்மாவின் கொண்டை அவிழ்ந்து முதுகில் விழுந்தது. அதை அள்ளிச் செருக அவளுக்குத் தோன்றவில்லை.