முப்பதில் நின்ற முள்

மூக்குக் குழாயை அப்பாவின் காதுக்குப் பின்னால் அவள் செருகிக்கொண்டிருந்தபோது கைபேசி அதிர்ந்தது. ஒரு கையால் அதைத் திருப்பிப் போட்டாள். நின்றுவிட்டு மறுபடி அதிர்ந்தது.

"எடேன். சிலிண்டர்க்காரரா இருக்கப் போவுது," என்றான் அண்ணன்.

"அவர் இல்ல. லேப்."

"அந்த லேபுக்கு இன்னிக்கு ஒரு நாள் நீ இல்லாம ஓடாதா?"

ஜன்னலுக்கு வெளியே நேற்று மாலை பிடித்த மழை இன்னும் விடவில்லை. மூச்சு இயந்திரம் பழுதாகிக் கடைக்குப் போய் மூன்று நாள். அது திரும்பி வரும்வரை தினமும் மதியம் ஒரு நிறை ஆக்சிஜன் சிலிண்டர் வரும், காலி திரும்பிப் போகும். இன்றைய சிலிண்டர் வரவில்லை. பாலத்துக்கு அடியில் இடுப்பளவு தண்ணீர், வண்டி சுற்றிக்கொண்டு வருகிறது என்று இருமுறை பதில் வந்துவிட்டது. ஆம்புலன்ஸ்காரர்களும் அதையேதான் சொன்னார்கள்.

கட்டில் தலைமாட்டில் நின்ற சிலிண்டர் அவள் நெஞ்சு உயரம் இருக்கும். மீட்டர் முள் ஐந்தில் இருந்தது. ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

மூன்றாம் முறை அதிர்ந்ததும் எடுத்தாள்.

"சாரிடி. அப்பா எப்படி இருக்காரு?" என்றாள் தோழி. பின்னால் பம்பு இரைந்தது.

"இருக்காரு. சீக்கிரம் சொல்லு."

"ஃபர்னஸ் எழுநூத்தம்பதைத் தொட்டாச்சு. கந்தகம் உருக ஆரம்பிச்சிடுச்சு. இப்பதான் பாக்கறேன், ஆர்கான் சிலிண்டர் முப்பத்திரண்டுல நிக்குது. இந்த ரன்னுக்குத் தாங்கும்தான். விட்டுடட்டுமா?"

இருவருக்கும் பழகிய வேலை அது. ஒரு கண்ணாடிக் குழாய், உள்ளே இரண்டு பொடிகள், ஒரு சிலிக்கான் தகடு. சூட்டில் கிளம்பும் ஆவியை ஆர்கான் வாயு மெல்ல நகர்த்திக்கொண்டு போய்த் தகட்டின்மேல் படிய வைக்கும். ஆவி கூடினால் படிகம் அடுக்கின்மேல் அடுக்காக ஏறித் தடித்துவிடும். அளவாகப் போனால் மூன்றே அணு கனத்தில், ஒற்றை அடுக்காகப் படரும். அதற்குத்தான் ஒன்றரை வருடமாகப் போராட்டம்.

"விடாத. இப்பவே அடுத்த லைனுக்குத் திருப்பிட்டு அதைக் கழட்டு," என்றாள் அவள். "முப்பதுக்குக் கீழ போனா அடியில இருக்கற ஈரம் கூட வரும். அந்த ஈரம் போதும் படிகத்தைக் கெடுக்க. மிச்சம் இருக்கேன்னு பாக்காத, திருப்பிக் குடுத்து..."

வாய் அங்கேயே நின்றது.

"குடுத்துடணும், அதானே? சரி. ஹலோ? இருக்கியா?"

வைத்துவிட்டாள்.

நேற்று மதியம் அண்ணன் வேலைக்குப் போயிருந்தான். சிலிண்டர்க்காரரும் அவளுமாகப் புதியதை மாடி ஏற்றினார்கள். பழையதில் முள் முப்பதில் இருந்தது. ஸ்பானரை எடுத்துக் கழற்றினாள். ஆய்வகத்தில் வாரம் ஒருமுறை செய்யும் வேலை, கை தானாகப் போனது. "இன்னும் இருக்கேம்மா?" என்றார் அவர். "பரவால்ல, எடுத்துட்டுப் போங்க. அடிவரைக்கும் விடக் கூடாது," என்று அவருக்குச் சொல்லிக்கூடக் கொடுத்தாள்.

முப்பது. நிமிடத்துக்கு நாலு லிட்டர். கணக்குப் போடாமல் இருக்கப் பார்த்தாள். ஐந்து மணி நேரத்துக்கு மேல் வந்தது.

மீட்டருக்குக் கீழே தொங்கிய பாட்டிலில் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. மூக்கு வறளாமல் இருக்க, காற்றை ஈரமாக்கி அனுப்புவதற்கென்றே வைத்த தண்ணீர். தினமும் காலையில் அவள்தான் அதை மாற்றி ஊற்றினாள்.

அப்பா கண்ணைத் திறந்தார். முப்பது வருடம் கார்களுக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடித்தவர். நுரையீரல் நார்நாராகிவிட்டது, இனி ஆஸ்பத்திரியில் செய்ய ஒன்றும் இல்லை என்று டாக்டர் அனுப்பி வைத்திருந்தார்.

"லேபா?"

"ஆமாப்பா."

"எத்தன... கோட்டு?"

அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கேட்கும் கேள்வி.

"ஒரே கோட்டுதான்பா."

"பிரைமர் போடாம... ஒரே கோட்டு." உதட்டோரம் இழுபட்டது. "கஸ்டமர்... ஒதப்பான்."

அம்மா சிரித்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "பேசாதீங்க. மூச்ச வீணாக்காதீங்க."

அப்பாவின் விரல் நுனிகள் நீலம் பாரிக்கத் தொடங்கியிருந்தன. அண்ணன் எழுந்து வந்தான். "பாரு, எப்படி இழுக்குதுன்னு. இன்னும் கொஞ்சம் தொறந்து விடேன்."

"தொறந்தா சீக்கிரம் தீந்துடும்ணா."

"அதுக்குள்ள வண்டி வந்துடும்."

"வரலன்னா?"

"நீ என்ன, குழாய்ல பொடி வச்சு விளையாடறியா? அப்பா அது!"

அவன் கை திருகை நோக்கிப் போனது. அவள் அதன்மேல் தன் கையை வைத்தாள். இரண்டு கைகளும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தன. அவன்தான் எடுத்துக்கொண்டான். பால்கனிக்குப் போய்ப் போனில் யாரையோ திட்டினான்.

முள் மூன்றுக்கு வந்தது. பிறகு அது இறங்குவது கண்ணுக்குத் தெரியவில்லை, இறங்கியிருப்பது மட்டும் தெரிந்தது. திருகைச் சிறிது குறைத்தாள். அப்பாவின் தோள்கள் மேலேறின. மறுபடி கூட்டினாள். அம்மா அவர் நெஞ்சை நீவிக்கொண்டே இருந்தாள், மகள் முகத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

பாட்டிலில் குமிழிகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒன்று வந்து, அடுத்தது வரவில்லை.

அண்ணன் தலையணைகளை முதுகுக்கு அண்டக் கொடுத்து அப்பாவை நிமிர்த்தி உட்கார வைத்தான். அவள் செய்தித்தாளை மடித்து விசிறினாள். அது உதவாது என்று தெரிந்தே விசிறினாள். அரை மணி நேரம் போலப் போராடினார். பிறகு போராடவில்லை. தாளைப் பிடித்த கையை அம்மா வந்து தொட்ட பிறகுதான் விசிறுவது நின்றது.

கீழே வண்டி நிற்கும் சத்தம் கேட்டபோது அப்பாவின் தாடையைத் துணியால் கட்டியாகிவிட்டது.

சிலிண்டர்க்காரர் முழுக்க நனைந்திருந்தார். ஒற்றை ஆளாக மூன்று மாடியும் படிபடியாக ஏற்றிக்கொண்டு வந்து, வாசலில் அதை நிமிர்த்தி வைத்துவிட்டு மூச்சு வாங்கினார். உள்ளே பார்த்ததும் செருப்பைக் கழற்றினார். அதற்குள் அண்ணன் அவர் சட்டையைப் பிடித்திருந்தான்.

"காலைல எட்டு மணிலேர்ந்து ஃபோன் பண்றேன்! இப்பதான் வழி தெரிஞ்சுதா உனக்கு? ஆளத் தின்னுட்டு வந்து நிக்கற!"

"சார், பாலத்துகிட்ட..."

"என்னய்யா பாலம்? ஒரு மணி நேரம்! ஒரே ஒரு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா!"

அவர் கையை விலக்கவில்லை. அண்ணனின் தோளுக்கு மேலாக அவளைப் பார்த்தார். நேற்றைய ஸ்பானர் அவருக்கு ஞாபகம் இருந்தது, முகத்திலேயே தெரிந்தது. அவர் சொல்லலாம். கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

"அவர விடுண்ணா," என்றாள்.

"நீ உள்ள போ."

"நேத்துப் போன சிலிண்டர்ல முப்பது இருந்துச்சு. அஞ்சு மணி நேரத்துக்கு வந்திருக்கும். இவர் கேட்டாரு, இருக்கேன்னு. நான்தான் கழட்டிக் குடுத்தேன்."

"எதுக்கு?"

"லேப்ல அப்படித்தான் குடுப்போம்."

அண்ணனின் பிடி தளர்ந்தது. சட்டையின் ஈரம் அவன் விரல்களில் இருந்தது. அவளைப் பார்த்தான். சிலிண்டர்க்காரர் கசங்கிய காலரைச் சரிசெய்யாமல் சுவரோரம் ஒதுங்கி நின்றார்.

"யாரு, சிலிண்டரா?" உள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. "வேணாம்னு சொல்லி அனுப்புங்க."

பிறகு அவள் வெளியே வந்து, நிறை சிலிண்டரைச் சாய்த்து, அடிவிளிம்பில் உருட்டிப் படிக்கட்டுக்குக் கொண்டுவந்தாள்.

"நீங்க விடுங்கம்மா, நான் பாத்துக்கறேன்," என்றார் சிலிண்டர்க்காரர்.

அவள் விடவில்லை. கழுத்துப் பக்கத்தை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். சிலிண்டர்க்காரர் நடுவில் தோள் கொடுத்தார். முதல் படியில் அடிப்பாகம் இறங்கும் முன் அண்ணன் அவர்களைக் கடந்து போய், இரண்டு படி கீழே திரும்பி நின்றான். பாரமெல்லாம் வந்து விழும் இடம் அது. குனிந்து அடியைத் தாங்கிக்கொண்டான்.

"பாத்து," என்றான், அவளை நிமிர்ந்து பார்க்காமல். "படியெல்லாம் தண்ணி."