கோரம்

“உங்க சங்கத்துல எத்தனை பேரு உயிரோட இருக்காங்க?” என்று போனில் அந்த அம்மாள் கேட்டாள்.

லிடா வோபொரிலுக்குச் சுருக்கென்றது. மொத்தம் எத்தனை உறுப்பினர்கள் என்று கேட்டிருந்தால் பட்டென்று சொல்லியிருப்பாள். கல்லறைத் தோட்டச் சங்கத்துக்கு அவள் தலைவியாகி எத்தனையோ வருஷம் ஆகிறது. இப்படி ஒரு கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. ஜன்னல் வழியாகப் பனி மூடிக் கிடந்த சோளக்காட்டைப் பார்த்துக்கொண்டே, “எண்ணிப் பார்த்துச் சொல்றேனே” என்றாள்.

“பாருங்க. செத்தவங்களையும் சேர்த்து வெச்சிருந்தீங்கன்னா உங்களுக்கு இந்த ஜென்மத்துல கோரம் சேராது.”

கூட்டம் நடத்தும் விதிகளைக் கரைத்துக் குடித்தவர்கள் என்று ஒரு கூட்டம் இருப்பதும், அது ஒரு தொழில் என்பதும் லிடாவுக்குப் போன வாரம்தான் தெரியும். ஜனவரியில் சங்கம் கூடிப் போட்ட தீர்மானத்தை மாவட்ட அலுவலகம் அப்படியே திருப்பி அனுப்பிவிட்டது. வந்தது ஏழே பேர், உயிரோடு இருப்பவர்களில் பாதிப்பேராவது வந்தால்தான் உங்கள் சங்கச் சட்டப்படி அது கூட்டம், இல்லாவிட்டால் வெறும் அரட்டை என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பாதிப்பேருக்குப் பெயர்தான் கோரமாம். நல்ல பெயராகத்தான் பார்த்து வைத்திருக்கிறார்கள், போங்கள். “விதி தெரிஞ்ச ஆள் யாரையாவது பக்கத்துல உட்கார வெச்சுக்கிட்டு மறுபடி கூட்டுங்க” என்றார் அலுவலகத்து வக்கீல். ஒமாஹாவில் ஒருவருக்குப் போன் போட்டாள். அவர் பெரிய பெரிய மாநாடுகளுக்குத்தான் போவாராம். இன்னொருவர் கல்லறை என்றதுமே சிரித்துவிட்டார். லிங்கன் நகரத்தில் இருந்த இந்த மிசஸ் ஃபென்விக் மட்டும் சிரிக்கவில்லை. எடுத்த எடுப்பிலேயே உயிரில் கை வைத்தாள்.

அன்று மத்தியானம் டெல்மர் கூபா வந்து, மேஜையில் எதிரே உட்கார்ந்து கூட எண்ணினார். டெல்மர் சங்கத்தின் துணைத்தலைவர், அடுத்த பண்ணைக்காரர். இந்தத் தீர்மானத்துக்காக அவர் பட்ட பாடு ஊருக்கே தெரியும். தோட்டத்தின் வடக்கு ஓரத்தை ஓடை அரித்துக்கொண்டே வருகிறது. போன வசந்தத்தில் வேலி போயிற்று. இந்த வருஷம் பனி உருகினால் அந்தக் கல்லறை வரிசையே போகும். அந்த வரிசையில்தான் அவருடைய மனைவி வெரா இருக்கிறாள். சவப்பெட்டிகளை எடுத்து மேட்டுக்கு மாற்ற மாவட்டம் இயந்திரமும் ஆளும் தருகிறேன் என்கிறது, சங்கம் முறைப்படி சம்மதம் கொடுத்தால். டெல்மர் தினமும் காலையில் போய் ஓடைக்கரையில் ஒரு குச்சியை நட்டுவிட்டு வருவார். மறுநாள் போனால் குச்சி சாய்ந்திருக்கும்.

“இருபது” என்றார் டெல்மர். பிறகு காபிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, “எமிலைச் சேர்த்தா இருபத்தொண்ணு” என்றார்.

“சேர்த்துக்கோ” என்றாள் லிடா.

“சேர்த்துட்டேன். பதினோரு பேரு வரணும். நான் இழுத்துட்டு வர்றேன், நீ கவலைப்படாதே.”

எமில் அவளுடைய கணவர். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு பிப்ரவரியில், கன்றுக்கு மருந்து வாங்கி வருகிறேன் என்று போனவர் திரும்பவில்லை. ஆற்றுப் பாலத்தடியில் வண்டி நின்றது. கதவு திறந்திருந்தது, இருக்கையில் கையுறைகள் இருந்தன. அந்தக் குளிரில் கையுறை இல்லாமல் எவன் இறங்குவான்? பனி உருகியதும் ஆற்றைச் சல்லடை போட்டுச் சலித்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. ஆறு கொண்டுபோயிற்று என்று ஊரில் பாதி சொல்லியது. வேறு எவளுடைய காரோ வந்து நின்றிருக்கும் என்று மீதிப் பாதி சொல்லாமல் இருந்தது. லிடாவுக்கு இரண்டும் பிடிபடவில்லை. செத்திருந்தால் ஆறு கொடுத்திருக்கும். ஓடிப்போயிருந்தால் கையுறையை எடுத்துக்கொண்டு போயிருப்பார். கையில் வெடிப்பு வரும் அவருக்கு, களிம்பு போட்டாலும் ஆறாது. இதையே நினைத்து நினைத்து அவள் கிழவியாகிவிட்டாள்.

எமிலுக்கு ஒரு கோணங்கிப் பழக்கம் உண்டு. சங்கக் கூட்டங்களில் பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டு, யார் எதை முன்மொழிந்தாலும், வாக்கியம் முடியுமுன்பே “வழிமொழிகிறேன்!” என்று கத்துவார். புல்வெட்டும் இயந்திரம் வாங்குவதற்கும் வழிமொழிவார், வாங்க வேண்டாம் என்பதற்கும் வழிமொழிவார். வீட்டிலும் அதே கூத்துதான். “மழை வரும்போல இருக்கு” என்பாள். “வழிமொழிகிறேன்” என்று கொட்டிலில் இருந்து குரல் வரும். “போதும், வயித்தைக் கெடுத்துக்காதீங்க” என்பாள்; அதையும் வழிமொழிந்துவிட்டு இன்னொரு ரொட்டித் துண்டு எடுத்துக்கொள்வார். அவர் போன பிறகு அவள் தனியாகப் பேசுவதை விட்டுவிட்டாள். பேசினால் அந்தப் பதில் காதில் விழுந்தது. பிரமை என்று தெரியும், தெரிந்து என்ன? விழுந்ததே. முதலில் பயந்தாள். பிறகு சில நாள், ரொம்பத் தாங்காத நாளில், வேண்டுமென்றே எதையாவது சொல்லிவிட்டுக் காத்திருந்தாள்.

ஒரு தடவை மருமகள் மெதுவாக ஆரம்பித்தாள், “அத்தை, மாமா இல்லைன்னு கோர்ட்டுல எழுதி வாங்கிட்டா நிலத்துக்கும் நல்லது, உங்களுக்கும்…” லிடா ரொட்டி பிசைந்த கையோடு எழுந்து வெளியே போய்விட்டாள். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

கூட்டத்தன்று காலையில் உறைபனி பெய்து சாலை கண்ணாடியாகக் கிடந்தது. மிசஸ் ஃபென்விக் எப்படியோ வந்து சேர்ந்தாள். குள்ளமான உருவம், வாயில் இருமல் மிட்டாய், கையில் தலையணை மொத்தத்தில் ஒரு விதிப்புத்தகம். தேவாலயத்தின் அடித்தளத்தில் காபி கொதித்துக்கொண்டிருந்தது. செயலாளர் பெர்னிஸ் கசகசா வைத்த கோலாச் ரொட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மிசஸ் ஃபென்விக் ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டு, லிடாவின் நாற்காலியை ஒட்டித் தன் நாற்காலியைப் போட்டாள்.

“நான் கூட்டத்துல வாயைத் திறக்க மாட்டேன். உங்க காதுல மட்டும்தான் சொல்வேன். நான் சொல்றது யோசனை. தீர்ப்பு உங்களோடது. புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க” என்றாள் அவள், உதட்டில் ஒட்டிய கசகசாவைத் துடைத்துக்கொண்டே.

டெல்மர் இரண்டு நடை போய் ஆட்களை ஏற்றி வந்தார். ஊன்றுகோலோடு இரண்டு பேர், ஆக்சிஜன் குழாயோடு ஒருவர். எண்ணினால் பத்து. பதினோராவது ஆள் வழுக்கி விழுந்து ஆஸ்பத்திரியில் இருப்பதாகச் செய்தி வந்தது. மீதிப்பேர் குளிருக்குப் பயந்து அரிசோனாவுக்கு ஓடியவர்களும் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களும். போனில் சம்மதம் கேட்கலாமே என்றார் ஒருவர். மிசஸ் ஃபென்விக் லிடாவின் காதில் ஏதோ சொன்னாள். “கூடாதாம்” என்றாள் லிடா. “நம்ம தாத்தாங்க சட்டம் எழுதினப்போ இந்த ஊர்ல போனே கிடையாது.” சிரித்தார்கள்.

பனி அடுத்த வாரமே உருகும் என்று ரேடியோ சொல்லியிருந்தது. மறுபடி எப்போது கூடுவது? டெல்மர் எழுந்து போய் ஜன்னலோரம் நின்றுகொண்டார்.

முதலில் பெயர்களைச் சரிபார்க்க வேண்டும் என்று மிசஸ் ஃபென்விக் லிடாவின் காதில் சொன்னாள். இந்தச் சங்கத்தில் குழி வாங்கியவர் சாகும்வரை உறுப்பினர். ஆனால் செத்தவர் பெயரை இதுவரை எந்தச் செயலாளரும் அடித்ததில்லை. மரியாதைக் குறைவாகப் பட்டிருக்கும். பெர்னிஸ் ஒவ்வொரு பெயராக வாசித்தாள். சொந்தக்காரர் பதில் சொல்ல வேண்டும். “எங்க அப்பா. செத்துட்டாரு.” “சித்தி. போய்ட்டா.” “எங்க மாமாவை அடிக்காதீங்கப்பா, அவரு ஒரு கூட்டத்தையும் விட்டதில்லை, இதோ வெளியிலேயேதான் படுத்திருக்காரு.” மறுபடி சிரிப்பு. பிறகு சிரிப்பு ஓய்ந்துவிட்டது. வாசிக்க வாசிக்க, வாசித்த பெயர்கள் எல்லாம் உள்ளே வந்து நிற்கிற மாதிரி அறை நெருக்கமாயிற்று. “வெரா கூபா” என்றபோது டெல்மர் ஜன்னலைப் பார்த்தபடியே, “ஆமாம்” என்றார்.

“எமில் வோபொரில்.”

பெர்னிஸின் பேனா நின்றது. இவ்வளவு வருஷமும் இந்தப் பெயருக்கு லிடாதான் பதில் சொல்வாள். “வரலை” என்பாள். ஏதோ சாலை மோசம், அடுத்த தடவை வந்துவிடுவார் என்கிற மாதிரி. ஊரும் அதை அப்படியே எழுதிக்கொள்ளும்.

வாயைத் திறந்தாள். வரவில்லை அந்த வார்த்தை. அதைச் சொன்னால் இருபத்தொன்று. பத்துப்பேர் போதாது.

மிசஸ் ஃபென்விக் குனிந்தாள். இருமல் மிட்டாய் வாசனை அடித்தது. “காணாமப் போனவருக்கு என் புத்தகத்துல விதி கிடையாது. தலைவர் என்ன சொல்றாரோ அதுதான். ஆனா இது உங்க சொந்த விஷயம். நாற்காலியைத் துணைத்தலைவர்கிட்ட விட்டுட்டு நீங்க அந்தப் பக்கம் உட்காரலாம். யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க.”

லிடாவுக்கு அப்பாடா என்றிருந்தது. மரச்சுத்தியை எடுத்து நீட்டினாள். “டெல்மர், நீயே சொல்லிடு.”

டெல்மர் திரும்பினார். எமிலும் அவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். அந்த வசந்தத்தில் ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் கொக்கி போட்டுத் தேடியவர்களில் கடைசியாகக் கரை ஏறியவர் அவர்தான். மேஜை வரைக்கும் வந்தார். சுத்தியைத் தொடவில்லை.

“நான் சொல்ல மாட்டேன் லிடா.”

“டெல்மர், வெரா…”

“தெரியும்டி. நான் கும்பிடாத சாமி இல்லை இதுக்காக. ஆனா அவன் செத்துட்டான்னு என் வாயால சொல்லி, அதை வெச்சு என் பொண்டாட்டியைக் காப்பாத்திக்க மாட்டேன். ஓடையோட போனா போகட்டும். அவ கோவிச்சுக்க மாட்டா.” கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “என்னைக் கேக்காதே.”

போய்ப் பின்னால் உட்கார்ந்துவிட்டார்.

லிடாவுக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. பாவி, சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் ஆயுசுக்கும் உன்னைத் திட்டிக்கொண்டே, அவர் வருவார் வருவார் என்று இருந்திருப்பேனே. டெல்மர் குனிந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சேற்றுக்கறை போகாத கை. அன்று காலையிலும் குச்சி நடப் போயிருக்கிறார், இந்தப் பனியில்.

“என்ன சொல்லணும்?” என்றாள் மிசஸ் ஃபென்விக்கிடம்.

“‘நான்’னு சொல்லாதீங்க” என்றாள் அவள், ரொம்பத் தாழ்ந்த குரலில். “‘தலைமை தீர்ப்பளிக்கிறது’ன்னு சொல்லுங்க. இந்த மாதிரி நேரத்துக்குத்தான் அந்த வார்த்தையை வெச்சிருக்காங்க.”

லிடா எழுந்து நின்றாள். “எமில் வோபொரில் காலமானவர் என்று தலைமை தீர்ப்பளிக்கிறது” என்றாள். தன் குரல்தான், ஆனால் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து யாரோ பேசுகிற மாதிரி கேட்டது. “உயிரோட இருக்கிறவங்க இருபது. வந்திருக்கிறவங்க பத்து. கோரம் இருக்கு.”

பெர்னிஸ் கோடு இழுத்தாள். காகிதத்தில் பேனா கீறும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. வடக்கு வரிசையை மாற்ற டெல்மர் முன்மொழிந்தார். இரண்டு தடவை ஆரம்பிக்க வேண்டியிருந்தது. பெர்னிஸ் வழிமொழிந்தாள். பின்வரிசையிலிருந்து யாரும் முந்திக்கொள்ளவில்லை. பத்துக் கைகளும் உயர்ந்தன. செவ்வாய்க்கிழமை இயந்திரம் வரும். டெல்மர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

“இன்னும் ஒண்ணு பாக்கி” என்று மிசஸ் ஃபென்விக் காதில் சொன்னாள். “உங்க சட்டத்துலயே இருக்கு. பெயர் எடுக்கப்பட்டவங்களுக்காக எல்லாரும் எழுந்து நிக்கணும். ஒவ்வொருத்தருக்கா நின்னா முட்டி போயிடும், எல்லாருக்கும் சேர்த்து ஒரே தடவையா நிக்கச் சொல்லுங்க. அப்புறம் உட்காரச் சொல்லி முடிச்சிடலாம்.”

“எல்லாரும் எழுந்திருங்க” என்றாள் லிடா.

நாற்காலிகள் கிறீச்சிட்டன. ஊன்றுகோல்கள் ஊன்றப்பட்டன. ஒருவரை ஒருவர் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். ஆக்சிஜன் குழாய்க்காரர் கூட எழுந்துவிட்டார். தொப்பிகள் கைக்கு வந்தன. காபிப் பாத்திரம் மட்டும் சிடுசிடுத்துக்கொண்டிருந்தது. யாரோ போய் அதையும் அணைத்தார்கள்.

போதுமான நேரம் ஆயிற்று. அதற்கு மேலும் ஆயிற்று. சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை, “உட்காரலாம்.” அவர்கள் உட்கார்ந்துவிட்டால் கோலாச் எடுப்பார்கள், கோட்டு மாட்டுவார்கள், வீட்டுக்குப் போவார்கள். எமில் செத்தவராக இருப்பார், இன்றைக்கு, நாளைக்கு, எப்போதும். லிடா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். டெல்மர் கெட்டுப்போன முழங்காலை மாற்றி வைத்துக்கொண்டார். ஊன்றுகோல் ஒன்று நடுங்க ஆரம்பித்தது. உறுப்பினரே இல்லாத மிசஸ் ஃபென்விக், அவளுக்கு எழ வேண்டிய அவசியமே இல்லை, புத்தகத்தை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து நின்றாள். லிடா சொல்லவில்லை. யாரும் உட்காரவில்லை.